புனேயில் பிஎச் நம்பர் வாங்கின கதை

கோயம்புத்தூரில் வாங்கின காரை புனேக்குக் கொண்டுவந்து மகாராஷ்டிரா நம்பருக்கு மாற்றியவன் நான். வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. ஊர் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், இங்கே திரும்பச் சாலை வரி கட்டணும், பிறகு ஊரில் கட்டிய லைஃப் டாக்ஸில் மிச்ச வருடங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கணும். கட்டுகிற வேலை சட்டென்று முடிந்துவிடும். திரும்ப வாங்குகிற வேலைக்கு அப்பாதான் நடையாய் நடந்தார்.

அதனால் அடுத்த கார் வாங்கும்போது பிஎச் (பாரத்) நம்பர்தான் என்று முடிவு. மாநிலம் மாறினாலும் மறுபதிவு செய்ய வேண்டாத நம்பர் அது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்து, செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த வரிசை இது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், பொதுத்துறை ஊழியர்கள் வாங்கலாம். தனியார் வேலை என்றால் கம்பெனிக்கு நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் இருக்கணும்.

ஷோரூம்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை. "லேட் ஆகும் சார், சாதா நம்பர் போட்டுக்கலாமே" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். முக்கியமான காகிதம் படிவம் 60. கம்பெனி கையெழுத்துப் போட்டு, எந்தெந்த மாநிலத்தில் ஆபீஸ் என்று எழுதித் தரும் சான்று. எங்கள் எச்ஆரில் அப்படி ஒரு படிவத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. நானே பிரின்ட் எடுத்து, ஆபீஸ் முகவரிகளை நிரப்பி, முத்திரை வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டமும் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டது.

இனி பணம். பெட்ரோல் கார், ஜிஎஸ்டி நீங்கலாக விலை ஏறக்குறைய 9 லட்சம். சாதா நம்பர் என்றால் மகாராஷ்டிராவில் 11 சதவீதம். கிட்டத்தட்ட ஒரு லட்சத்தை ஒரே தடவையில் வைக்கணும். பிஎச்சில் 10 லட்சத்துக்குக் கீழே 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. டீசலுக்கு 2 சதவீதம் கூட, மின்சார வண்டிக்கு 2 குறைவு. அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டாம், இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். எனக்கு முதல் தவணை பத்துப் பன்னிரண்டாயிரத்தோடு முடிந்தது.

ஷோரூம், ஆர்டிஓ எல்லாரும் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வண்டி வரி அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் இருப்பது. நம்பர் பிளேட் விதியை எழுதுவதோ டெல்லி. இன்றைக்கே கைக்கு வரவேண்டிய ஒரு லட்சம் 15 வருடத்துக்குச் சொட்டுச் சொட்டாக வந்தால் மாநில பட்ஜெட் போடுகிறவருக்கு வயிறு எரியாதா? ஃபேன்சி நம்பர் வருமானமும் போச்சு. பிஎச் எண்ணை கம்ப்யூட்டர்தான் தன் இஷ்டத்துக்கு ஒதுக்கும். புனே, மும்பை பக்கம் 0001க்கு 2024இல் 6 லட்சம் ரூபாய் என்று ஏற்றினார்கள், அது சின்ன வருமானம் இல்லை. கர்நாடகம் தனியார் ஊழியருக்கு பிஎச் கிடையாது என்று 2021 டிசம்பரில் சுற்றறிக்கையே விட்டது. அடுத்த டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மாநிலத்தின் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் என்ஓசி, ரீஃபண்ட் கோப்புகளைப் புரட்ட எத்தனை மேசை, எத்தனை சம்பளம் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும். அதை யாரும் பேசுவதில்லை.

வாங்க நினைப்பவர்கள் உங்கள் ஆர்டிஓ தருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். எல்லா மாநிலமும் ஒரே மாதிரி நடக்கவில்லை. ஊர் மாறாத வேலை என்றால் பெரிய லாபம் கிடையாது, பணத்தைத் தள்ளிக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். தகுதியில்லாதவருக்கு வண்டியை விற்றால் சாதா நம்பருக்கு மாற்றி அந்த மாநில வரியைக் கட்டணும், விலை பேசும்போதே அதை யார் தலையில் என்று பேசிவிடுங்கள். தவணைத் தேதியை போனில் போட்டு வையுங்கள். கெடு தாண்டி ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம்.