ஒரு மீட்டர் பத்தில் ஓர் இளஞ்சிவப்பு ஓடு

மூன்று வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு கடல் உயிரின் ஓடு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

நான் வேலை செய்யும் கோர், இந்தியப் பெருங்கடலில் 90 டிகிரி கிழக்கு முகடு என்ற கடலடி மலைத்தொடரின் மேலிருந்து எடுத்தது. கடலடி மண்ணுக்குள் குழாயை இறக்கி உருவினால் கிடைக்கும் சேற்றுத் தூண்தான் கோர். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு கொட்டும் வண்டல் அந்த மேட்டில் ஏறுவதில்லை. மேலே மிதந்து வாழ்ந்து செத்த உயிர்களின் ஓடுகள்தான் பெரும்பாலும் படிகின்றன. என் கோரில் அது ஆயிரம் வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். வயசு கணிக்கும் ரேடியோகார்பன் முறை ஏறக்குறைய 50,000 வருடத்தோடு கைவிட்டுவிடும். அதற்கும் கீழே வயசு சொல்ல ஃபோராம் வேண்டும்.

ஃபோராம் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஃபோராமினிஃபெரா ஒற்றைச் செல் உயிர். சுண்ணாம்பால் அறை அறையாக வீடு கட்டிக்கொள்ளும். அதில் குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்று ஒன்று, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மூன்று உருண்டைகளை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். வெள்ளையும் உண்டு, இளஞ்சிவப்பும் உண்டு. இளஞ்சிவப்பு இன்றும் அட்லாண்டிக்கில் வாழ்கிறது. ஆனால் இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் 1,20,000 வருடங்களுக்கு முன்பே இல்லாமல் போய்விட்டது. தாம்சன், பே, துப்ளெஸ்ஸி, ஷாக்கிள்டன் நால்வரும் 1979இல் நேச்சர் இதழில் இதைக் காட்டினார்கள். கோரில் மேலிருந்து கீழே போகப் போக எந்த இடத்தில் முதல் இளஞ்சிவப்பு தட்டுப்படுகிறதோ, அந்த மண்ணின் வயசு அதுதான். ஓர் உயிர் இல்லாமல் போன இடமே நமக்குத் தேதி. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு இது அலுக்காது.

என் கோரில் 1.50 மீட்டரில் சுமத்ராவின் தோபா எரிமலைச் சாம்பல் இருக்கிறது. 74,000 வருடம். அந்தக் கணக்கில் இளஞ்சிவப்பு 2.40 மீட்டர் வாக்கில் வர வேண்டும்.

எனக்கு 1.10இல் வந்தது.

அந்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. கறுப்புத் தட்டில் மணல் மாதிரி பரப்பிய ஓடுகள். மூன்று சைபர் அளவு மெல்லிய தூரிகையின் நுனியை ஈரமாக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ரூபரைப் புரட்டினேன். உள்சுற்றின் சின்ன அறைகளில் ரோஜா நிறம், வெளி அறைக்கு வரும்போது வெளுத்துப்போயிருந்தது. விளக்கை மாற்றிப் பார்த்தேன். நிறம் போகவில்லை. தோபா சாம்பலுக்கு மேலே, சுமார் 55,000 வருட மண்ணில், இருக்கவே கூடாத ஓர் ஓடு.

இந்தப் பக்கம் மட்டும் அது இன்னும் கொஞ்ச காலம் தப்பிப் பிழைத்திருக்குமோ? அந்த ஆசை வந்தது உண்மை. அன்று இரவு அம்மாவுக்கு போன் போட்டு, "ஒண்ணு கெடச்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.

லேபில் மூத்தவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், ஸ்லைடைப் பார்த்தார். "எத்தனை?" என்றார். "ஒண்ணுதான்க்கா." "ஒண்ண வச்சு ஒண்ணும் சொல்லாதம்மா. அதே இடத்துல திரும்ப எடு."

புழுக்கள் மண்ணைக் கிளறி ஓட்டை மேலே கொண்டுவரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அது வழக்கமாகப் பத்து சென்டிமீட்டர் அளவு. இங்கே இடைவெளி 1.30 மீட்டர். வேறெங்கோ பழைய மண் சரிந்து வந்து கலந்திருந்தால் உடைந்த ஓடுகளும் வேறு பழைய இனங்களும் கூடவே வந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. 1.08, 1.10, 1.12 மூன்றிலும் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, காயவைத்தேன். வழக்கமாக 300 ஓடு எண்ணினால் போதும். ஆனால் 'இல்லை' என்று சொல்ல அது போதாது. 150 மைக்ரானுக்கு மேலிருந்த அத்தனையையும், ஒன்று விடாமல், பார்த்தேன். இளஞ்சிவப்பு ஒன்றுகூட இல்லை.

பிறகுதான் நோட்டைப் புரட்டினேன். ஒரு சாம்பிளை அலசி முடித்ததும் சல்லடையை மெத்திலீன் புளூ கரைசலில் முக்கியெடுப்போம். கம்பி வலையில் சிக்கிய பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த சாம்பிளில் விழுந்தாலும் அந்நியன் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு டிக் போட வேண்டும். முதல் தடவை 1.10ஐ அலசிய மாலை, அதற்கு முன்னால் அதே சல்லடையில் நான் அலசியது 2.60, இளஞ்சிவப்பு இருக்க வேண்டிய ஆழம். அந்த வரியில் டிக் இல்லை.

பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் விட்டிருக்கிறேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நோட்டுல எழுதி வை" என்றார், அவ்வளவுதான். தேதி போட்டு எழுதினேன். அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடவில்லை. 'சல்லடைக் கலப்பு' என்று பென்சிலில் குறித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு சாம்பிளாகக் கீழே இறங்கினேன். 2.34இல் இல்லை. 2.36இல் இல்லை. 2.38இல் நான்கு. 2.40இல் பதினொன்று. 2.42இல் எண்ணி எண்ணிக் கை வலித்தது. வரைபடத்தாளில் 2.38க்கு நேராக 1,20,000 என்று எழுதியபோது மணி இரவு ஒன்பதே கால். சல்லடை நீலத்தில் ஊறிக்கொண்டிருந்தது.