லண்டனில் தங்கிவிட்ட ஐகெட்: பி.பி. ஆர்னல்ட்

1966 செப்டம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் பாட, அமெரிக்காவின் ஐக், டீனா டர்னர் குழு லண்டன் வந்து இறங்கியது. டீனாவுக்குப் பின்னால் ஆடிப் பாடும் ஐகெட்ஸ் பெண்களில் ஒருவர் பி.பி. ஆர்னல்ட். லாஸ் ஏஞ்சலஸ்காரர், வயது 19. சிறு வயதிலேயே கல்யாணம், அடிக்கிற கணவன், பெற்றோரிடம் விட்டுவந்த இரண்டு குழந்தைகள். பயணம் முடிந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் ஊக்கம் கொடுக்க, இமீடியட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் தனிப்பாடகியானார்.

1967இல் ‘தி ஃபர்ஸ்ட் கட் இஸ் த டீப்பஸ்ட்’ பிரிட்டன் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 18ஆம் இடம் பிடித்தது. ஆனால் அவருக்கு வாசிக்கவென்று சேர்த்த ‘த நைஸ்’ குழு சில மாதங்களில் தனிவழி போனது. 1970இல் இமீடியட்டே மூழ்கியது. வெற்றிப்பாட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஊரில் காலம் தள்ளியிருக்க முடியாது.

கைகொடுத்தது ஐகெட்ஸில் பழகிய பின்குரல் வேலைதான், அதாவது முதன்மைப் பாடகருக்குத் துணையாகப் பின்னால் பாடுவது. கேட்க எளிது, செய்யக் கடினம். பின்குரலில் மூன்று பேர் என்றால், மூன்று பேரும் உயிரொலியை ஒரே அளவு வாய் திறந்து பாட வேண்டும். ஒருவர் வாய் அகன்றாலும் சுருதி விலகியதுபோல் கேட்கும். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ இன்னும் மோசம். மூவரும் சொன்னால் மூன்று சீறல்! அதனால் ஒருவர் மட்டும் சொல்வார், மற்றவர்கள் விழுங்கிவிடுவார்கள். உச்சஸ்தாயியில் மைக்கைவிட்டு அரையடி பின்வாங்காவிட்டால் ஒலி பிளந்துவிடும். இதெல்லாம் உடம்பில் ஊறியவருக்கு எந்த ஸ்டூடியோவிலும் வேலை உண்டு.

ஸ்மால் ஃபேஸஸின் ‘டின் சோல்ஜர்’, நிக் டிரேக்கின் ‘புவர் பாய்’, பல வருடம் கழித்து பீட்டர் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ (1986) எல்லாவற்றிலும் அவர் குரல் இருக்கிறது. ‘புவர் பாயில்’ கூடப் பாடிய டோரிஸ் டிராயும் அமெரிக்காவிலிருந்து வந்த சோல் (கறுப்பின மக்களின் பாட்டு வகை) பாடகிதான். இடையில் அமெரிக்கா போய், 1980களில் ஆர்னல்ட் லண்டனுக்கே திரும்பினார்; 1984இல் ‘ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்’ இசை நாடகத்தில் மேடையில் நடித்தார்.

1970ஐ ஒட்டி பாரி கிப், எரிக் கிளாப்டன் தயாரிப்பில் பதிவான பாடல்கள் 2017இல்தான் ‘த டர்னிங் டைட்’ ஆல்பமாக வெளிவந்தன. பாடியவருக்கு ஒலிநாடா சொந்தமில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய அநியாயம். புதிதாகக் கேட்பவர்கள் ‘டின் சோல்ஜரில்’ தொடங்கலாம். ஸ்மால் ஃபேஸஸின் பாடகர் ஸ்டீவ் மேரியட் உச்சத்தில் கத்தும்போது ஆர்னல்ட் அவரை மூடாமல், அடுத்த நொடியில் பதில் கொடுப்பார். தேவாலயத்தில் கோஸ்பெல் எனும் பக்திப் பாடல்கள் பாடி வளர்ந்த குடும்பத்துப் பெண்ணின் பழக்கம் அது.