எஃகுக்குள் இறங்கும் போரான்

இன்று காலை போரைடிங் (எஃகின் மேற்பரப்பில் போரானை ஊறவைத்துக் கடினமாக்குவது) செய்த ஒரு எஃகுத் துண்டைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் போட்டு, நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) சில நொடிகள் முக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக உள்ளே இறங்கி எஃகைக் கவ்விக்கொண்டு நிற்கிறது போரைடு, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவே இல்லை. இது மேலே பூசிய பூச்சு இல்லை. 850 முதல் 950 டிகிரி சூட்டில் போரான் உள்ளே ஊறி இரும்போடு சேர்ந்து புதுச் சேர்மமாகவே ஆகிவிடுகிறது. கார்பனை ஊறவைக்கும் கார்புரைசிங்கில் விக்கர்ஸ் கடினத்தன்மை அளவில் 700, 800 வந்தாலே சந்தோஷப்படுவோம், இதில் சாதாரணமாக 1500ஐத் தாண்டும்.

பொடியில் புதைத்துச் செய்வதைத்தான் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். வாயுவில் செய்தால் போரான் எவ்வளவு போகிறது என்பதை நம் கையில் வைத்துக்கொள்ளலாம். அதுதான் முக்கியம். இரண்டு இரும்பு அணுவுக்கு ஒரு போரான் என்ற அடுக்கு மட்டும் வந்தால் போதும், போரான் கூடிப்போய் அதற்கு மேல் ஒன்றுக்கு ஒன்று என்ற அடுக்கும் உருவானால், ஆறும்போது இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி நடுவில் விரிசல் விட்டுவிடும்.

சரி, வாயு என்றால் பயம் இல்லையா? இருக்கத்தான் வேண்டும். போரானைக் கொண்டுவரும் வாயுக்களில் ஒன்றான டைபோரேன் கொடிய நஞ்சு, ஈரக் காற்று பட்டால் தானாகவே தீப்பிடிக்கும். இன்னொன்றான போரான் ட்ரைகுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்தால் வருகிற ஹைட்ரஜன் குளோரைடு எஃகையே அரிக்கும். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, லீக் டெஸ்ட் முடிக்காமல் சிலிண்டர் வால்வில் கை வைக்காதீர்கள்.