அப்பப்பாவின் றங்குப்பெட்டி

சுன்னாகம் வீட்டில் அப்பப்பாவின் றங்குப்பெட்டியைத் திறந்தபோது ஒரு மூலையைக் கறையான் தின்று முடித்திருந்தது. மிஞ்சியவை நாற்பது கல்வெட்டுகள், கோயில் கும்பாபிஷேகத்துக்கு வெளியிட்ட சில மலர் நூல்கள், அப்பப்பா கைப்பட எழுதிய ஒரு கொப்பி. இறந்தவருக்காக 31ஆம் நாள் வெளியிடும் நினைவு மலரைத்தான் எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். தேவாரத்தில் தொடங்கினாலும் உள்ளே ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை இருக்கும். மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போனவர் யார், பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர் யார் என்பதை வேறெங்கே தேடுவது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் போன பிறகு, இப்படிப்பட்ட ஊர் அச்சுகளுக்கு வீடுகளில்தான் பிரதி தேட வேண்டியிருக்கிறது.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் கல்வெட்டுகளையும் சேர்க்கிறார்கள் என்பது தெரியும். சரி, நானே ஸ்கேன் செய்து கொடுப்போம் என்று இறங்கினேன். முதல் கல்வெட்டை ஸ்கேனரில் கவிழ்த்து மூடியை அழுத்தினேன், முதுகு பிளந்துவிட்டது. அதோடு ஸ்கேனரை ஒதுக்கிவிட்டேன். துருப்பிடித்த கம்பிகளை மெல்லக் கழற்றி, தூசியை மென்தூரிகையால் தட்டி, மேலிருந்து கமராவால் படம் எடுத்தேன். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரியாமலிருக்க அடியில் கறுப்புத் தாள் வைத்தேன். கறுப்பு வெள்ளை அச்சையும் வண்ணத்திலேயே எடுங்கள். பென்சில் குறிப்புகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கிழிந்த இடத்தில் செலோடேப் மட்டும் ஒட்டவே வேண்டாம்.

படமெடுப்பு ஒரு கிழமையில் முடிந்தது. ஒவ்வொன்றிலும் யார், எவர் என்று விபரம் எழுதத்தான் மூன்று மாதம். அந்தக் கொப்பி 1995இல் போரால் சனம் இடம்பெயர்ந்தபோது எழுதியது. அப்பப்பா ஆங்கிலத் தேதி போடவில்லை, “யுவ வருடம் ஐப்பசி” என்று மட்டும் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் நாவற்குழிப் பாலம் தாண்டிப் போன அந்த இரவு, யார் யாரோடு போனார்கள், யார் வழியில் பிரிந்தார்கள் என்று வரிவரியாக இருந்தது. பெயர்கள் பாதி வீட்டில் கூப்பிடும் பெயர்கள். மாமிக்கு 82 வயது. பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். “கைதடியிலை எங்களுக்குத் திண்ணை தந்த ஆக்கள் இவையள்தான்” என்று ஒரு வரியில் விரலை வைத்தா. அந்தக் குரலையும் பதிவு செய்து, முழுப்பெயரோடு விபரத்தில் சேர்த்தேன். இதை இன்னும் ஐந்து வருடம் தள்ளிப் போட்டிருந்தால் யாரிடம் கேட்டிருப்பேன்?

கடைசிப் பக்கத்தில் திரும்பி வராத ஏழு பேரின் பெயர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டேன். ஆறு குடும்பம் சம்மதித்தது. ஏழாவது வீட்டு அம்மா, “அவன் வருவான் தம்பி, அந்தப் பட்டியலிலை போடாதையும்” என்றா. அந்தப் பக்கத்தைப் பொதுப் பார்வைக்குக் கொடுக்கவில்லை. படம் என்னிடம் இருக்கிறது.