சிரோசிஸ் நோயாளிக்குத் திடீரென மஞ்சள் ஏறினால்

கல்லீரல் வார்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது. சில வருடங்களாக மாத்திரையோடு சமாளித்து வந்த சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) நோயாளிக்குக் கண் மஞ்சளாகும், வயிறு உப்பும், பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் அழைத்து வருவார்கள். அந்தப் பத்து நாளைத்தான் எங்களால் மீட்க முடிவதில்லை. ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபின் 5 மி.கி./டெ.லி., ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5 தாண்டி, நான்கு வாரத்துக்குள் வயிற்றில் நீரோ மனக்குழப்பமோ சேர்ந்தால் அது கல்லீரலின் திடீர்ச் செயலிழப்பு.

வந்ததும் நாங்கள் தேடுவது, எது கிளப்பிவிட்டது என்பதைத்தான். குடியா, காய்ச்சலா, கருப்பு மலமா? வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று டெனோஃபோவிரை (அந்த வைரஸை அடக்கும் மாத்திரை) நிறுத்தியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வயிற்றில் நீர் இருந்தால் அன்றைக்கே ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டிலில் படுக்கையருகிலேயே 10 மில்லி ஏற்ற வேண்டும். லேபுக்குப் போய் ஊற்றினால் கிருமி பிடிபடாமல் போகலாம். அந்த நீரில் நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) கன மில்லிமீட்டருக்கு 250 தொட்டால் கல்ச்சருக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். கூடவே அல்புமின் என்ற ரத்தப் புரதம், முதல் நாள் உடல் எடை கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு முதல் நாள் 90 கிராம். 20 சதவீத 100 மில்லி பாட்டிலில் 20 கிராம்தான் இருக்கும், ஆகவே நாலரை பாட்டில். விலையைப் பார்த்துப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. குறைத்தால் சிறுநீரகம் கைவிடும் ஆபத்து கூடும். ஏற்றும்போது மூச்சு வாங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்.

கையை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் உள்ளங்கை படபடவென்று விழுகிறதா? மூளையைப் பாதிக்கத் தொடங்கிவிட்டது. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து கொடுத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகின மலம் போக வேண்டும். ஏழெட்டு முறை போனால் அளவைக் குறைக்க டாக்டரிடம் சொல்லுங்கள், நீர்ச்சத்து வற்றிக் குழப்பம் கூடும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றவே கூடாது. மூக்கு டியூபோ எனிமாவோதான்.

தூக்க மாத்திரை, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம். பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்துவது பெரிய தவறு. நாளுக்கு உடல் எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், படுக்குமுன் ஒருமுறை சாப்பாடும் வேண்டும்.

மாற்றுக் கல்லீரல் பேச்சை முதல் வாரத்திலேயே எடுங்கள். ரத்த வகை பொருந்தும் உறவினரைப் பரிசோதிக்கவே நாட்கள் பிடிக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டில் இந்த அறுவைக்கு இடம் உண்டு. அட்டை, வருமானச் சான்று இரண்டையும் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.