காட்டுப் பாசியும் காலி ஜெல்லும்

"பாசின்னா குளத்துல கெடக்குறதுதானேம்மா? அதுக்கு எதுக்கு காட்டு பர்மிஷன்?" என்று, ஆராய்ச்சிக்குப் பாசி சேகரிக்க நான் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார் அந்த கிளார்க். குளத்தில் படர்வதும் பாசி, சோலைக்காட்டு மரத்தில் மெத்தையாய் ஒட்டியிருப்பதும் பாசி. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு சொல் எனக்குப் பதினோரு நாளைத் தின்றது. நீங்கள் போனால் 'பூவாத் தாவரம்' என்று எழுதி, ஒரு போட்டோவும் ஒட்டிக் கொடுங்கள்.

பழனி மலைச் சோலைகளில் சேகரிப்பு, அட்டைக்கடியைத் தவிர, சிக்கலில்லாமல் முடிந்தது. தப்பு அதற்கப்புறம்தான். எல்லாரும் செய்வதுபோல நியூஸ்பேப்பரில் மடித்துக் காயவைத்தேன். இலை வடிவம், நடுநரம்பு, ஓரப்பல் பார்க்க அது போதும். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் ஒரு சொட்டு வெந்நீர் விட்டால் இலை விரிந்துகொள்ளும். என்சைம் அப்படியில்லை. அரைத்த சாற்றை ஸ்டார்ச் ஜெல்லில் வைத்து, என்சைம்கள் தனித்தனியாகப் பிரிய ராத்திரி மின்சாரம் ஓட்டி, அவை நின்ற இடம் பட்டைக்கோடாகத் தெரியச் சாயத்தில் போட்டு, விடியவிடிய காத்திருந்தேன். ஒரு கோடுகூட இல்லை.

திரும்ப மலையேறினேன். இந்தத் தடவை ஈரத்தோடு, உயிரோடு, பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தேன். பெட்டியில் ஐஸ்மேல் நேராக வைக்காமல் நடுவே துணி போடுங்கள். உறைய வேண்டியதில்லை, குளிர்ச்சியாக இருந்தால் போதும். அரைத்ததும் சாறு டீ நிறத்துக்குப் போனது. பாசியிலிருக்கும் பீனால்கள் என்சைமைக் கெடுக்கிற வேலை அது. அரைக்கும் கரைசலில் பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி., சாறு கறுக்காமல் தடுக்கும் மெர்காப்டோ எத்தனால் இரண்டும் சேர்த்த பிறகுதான் அடங்கியது. (நாற்றம் துப்பட்டாவில் ரெண்டு நாள் இருந்தது.)

இப்போது பி.ஜி.ஐ. என்ற, செல்லில் சர்க்கரையை மாற்றும் என்சைமில் பளிச்சென்று இரண்டு பட்டைகள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாசிச் செடி பொதுவாக ஒற்றைத் தொகுதி குரோமோசோம் கொண்டது. ஒரு மரபணுவுக்கு ஒரு பட்டைதான் வர வேண்டும். இரண்டு வந்தால், இரண்டு இனங்களின் மரபணுவும் சேர்ந்த கலப்பினமாக இருக்கலாம். ப்ளாஜியோம்னியம் மீடியம் என்ற பாசி இரண்டு இனங்கள் கலந்து உண்டானது என்பதை 1988-ல் இப்படி என்சைம் பட்டைகளை வைத்துத்தான் காட்டினார்கள். என்னுடையதும் அதே பேரினம். மனசுக்குள் கட்டுரைத் தலைப்பே வைத்துவிட்டேன்.

கைடு ஜெல்லை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார். "நடுப்பட்டை எங்கம்மா?"

சுருக்கென்றது. பி.ஜி.ஐ. இரண்டு புரதத் துண்டு சேர்ந்து வேலை செய்யும் என்சைம். கலப்பினமாக இருந்தால் இரு பெற்றோரின் துண்டுகளும் ஒரே செல்லுக்குள் ஜோடி சேர்ந்து நடுவில் மூன்றாவது பட்டையைக் காட்டியிருக்கும். என் ஜெல்லில் அந்த இடம் வெறுமை. அப்படியென்றால் நான் அரைத்தது ஒரு செடியையல்ல, பின்னிக்கிடந்த இரண்டு செடிகளை.

மிச்சமிருந்த கொத்தை மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஊசியால் பிரித்தேன். ஒன்றின் இலையோரப் பல் அடிவரை இறங்கியது. மற்றதில் மேல்பாதியில் மட்டும். ஒவ்வொரு தண்டிலும் பாதியை அரைத்து, பாதியைக் காகிதத்தில் மடித்தேன். இனி எப்போதும் அப்படித்தான்: அரைத்த செடியின் மறுபாதி கையில் இல்லையென்றால், பட்டை யாருடையது என்று சத்தியம் பண்ண முடியாது.

மறுநாள் ஜெல்லில் ஆளுக்கொரு பட்டை. 17-ஆம் நம்பர் பொட்டலத்தை அடித்துவிட்டு 17-அ, 17-ஆ என்று எழுதினேன்.