ரீயூனியன் தீவுல பாப்பா பெல்ட் கட்டக் கத்துக்கிட்டது

காரைக்கால்ல இருந்து நாங்க ரீயூனியன் வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இது இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸைச் சேர்ந்த ஒரு தீவு. வீட்டுக்காரருக்கு அவர் தாத்தா வழியா பிரெஞ்சு குடியுரிமை, அதனால பேப்பர் விஷயத்துல பெருசா அலைச்சல் இல்ல. கஷ்டப்பட்டது எல்லாம் பாப்பாதான். இங்க ஸ்கூல் ஆகஸ்ட்லதான் திறப்பாங்க, நாங்க வந்த பத்து நாள்ல கொண்டுபோய் சேத்துட்டோம், அப்ப அவளுக்கு எட்டு வயசு, கிளாஸ்ல டீச்சர் பேசறது பிரெஞ்சு, வெளிய பசங்க பேசறது கிரியோல்ங்கற உள்ளூர் மொழி, ரெண்டும் புரியாம அவ வாயையே திறக்கல. மூணு மாசம் கழிச்சு நோட்டுல "பேசுவதில்லை"ன்னு எழுதி அனுப்பினாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

நாங்க இருக்கறது சேந்த் ஆந்த்ரேங்கற ஊர்ல. பக்கத்து வீட்டுல ஒரு மல்பார் அம்மா, அதாவது நம்ம வம்சாவளி. 1848ல இங்க அடிமை முறைய ஒழிச்சதுக்கு அப்புறம் கரும்புக் காட்டு வேலைக்கு பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துல இருந்து நிறைய பேர கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்க இல்ல, அவங்க பரம்பரை. தமிழ் பேச வராது, ஆனா தீமிதிக்கு விரதம் இருப்பாங்க, வீட்டு வாசல்ல வேப்ப மரம் நிக்குது. பாப்பா அவங்கள தாந்தீன்னு கூப்பிடுவா, இங்க அத்தை மாதிரி இருக்கறவங்கள அப்படித்தான் கூப்பிடறது. அவங்கதான் சொன்னாங்க, என் பேரன் போற ஜூடோ கிளப்புக்கு இவளையும் அனுப்புன்னு. சண்டை கத்துக்கிட்டு என்ன பண்ணப்போறான்னு எனக்குள்ள ஒரு தயக்கம். இருந்தாலும் புதன்கிழமை மத்தியானம் கூட்டிட்டுப் போனேன்.

முதல் நாளே மாஸ்டர் பாப்பா முன்னாடி முட்டிபோட்டு உக்காந்து உன் பேர் என்னன்னு கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயத் திறந்தேன். அவர் என்னைப் பாத்து கைய லேசா தூக்கினார், கோபமா இல்ல, கொஞ்சம் பொறுங்கன்னு. பாப்பா தரையப் பாத்தா, என்னைப் பாத்தா, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. ரொம்ப நேரம் கழிச்சு கொசு மாதிரி ஒரு குரல்ல பேர சொன்னா. அவ்வளவுதான், தலை குனிஞ்சு வணக்கம் வெச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டார்.

அப்புறம் பெல்ட். இங்க அந்த வெள்ளை டிரஸ்ஸ கிமோனோன்னுதான் சொல்றாங்க, இடது பக்கம் மேல வரணும், பெல்ட்ட ரெண்டு சுத்து சுத்தி முடிச்சு போடணும். பாப்பா போடுவா, அது அவுந்துபோகும், திரும்பப் போடுவா, ஒரு நுனி நீளமா இன்னொன்னு குட்டையா தொங்கும். எனக்கு கை பரபரங்குது, எழுந்து போய் கட்டிவிடலாம்னு. அவர் விடல, மத்த பிள்ளைங்க ஓட ஆரம்பிச்சாச்சு, இவ மட்டும் ஓரத்துல நின்னு கட்டிக்கிட்டே இருக்கா. மூணாவது புதன்கிழமை முடிச்சு நின்னுச்சு. அவ திரும்பி என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

ஜூடோவ 1882ல ஜப்பான்ல கானோ ஜிகோரோ தொடங்கினார், அவரே ஒரு வாத்தியார், அடிச்சு ஜெயிக்கறதுக்காக மட்டும் இல்லாம பிள்ளைங்கள வளக்கறதுக்காகவும்தான் இத யோசிச்சார். பிரான்ஸ்ல 1985ல பெர்னார் மிதான்னு ஒருத்தர் இதுக்கு எட்டு குணங்கள எழுதி வெச்சார். பண்பான பேச்சு, தைரியம், உண்மை, மானம், அடக்கம், மரியாதை, தன்னைக் கட்டுப்படுத்தறது, நட்பு. எங்க டோஜோ, அதாவது ஜூடோ பழகற கூடத்து சுவத்துலயும் அது தொங்குது. கடைசி பத்து நிமிஷம் மாஸ்டர் எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சு அதுல ஒன்ன எடுத்து, இந்த வாரம் வீட்டுலயோ ஸ்கூல்லயோ இத எங்க செஞ்சன்னு கேப்பார். லைஃப் கோச்சிங்னு இப்ப பெரிய பெரிய பேர் வெச்சு காசு வாங்கறாங்க, எனக்கு இதுவே போதும்னு தோணுது. யார ஜெயிச்சன்னு அவர் கேட்டு நான் பாத்ததே இல்ல.

அந்த எட்டுல தைரியத்த எடுத்த வாரம் பாப்பா, கான்டீன்ல தண்ணி வேணும்னு கேட்டேன்னு சொன்னா. கிரியோல்ல சொன்னா. அது வரைக்கும் மதியம் பூரா தண்ணி கேக்கத் தெரியாம இருந்திருக்கா, எனக்கே அது அன்னைக்குத்தான் தெரியும். அதுல இருந்து யாராவது அவகிட்ட பேசினா நான் பல்லக் கடிச்சுக்கிட்டு சும்மா நிக்கறேன், ரொம்பக் கஷ்டம்தான்.

போன ஞாயித்துக்கிழமை அம்மா காரைக்கால்ல இருந்து வீடியோ கால் பண்ணாங்க. என் தங்கம் என்னம்மா கத்துக்கிச்சுன்னு என்னைத்தான் கேட்டாங்க. நான் பேசல. பாப்பா போன வாங்கி அரிசி டப்பால சாச்சு வெச்சுட்டு, பாய விரிச்சு, "பாருங்க ஆயா"ன்னு சொல்லி மல்லாக்க விழுந்து ரெண்டு கையாலயும் தரைய பட்டுன்னு அடிச்சா. அங்க அம்மா அய்யோன்னு கத்தினாங்க. "வலிக்கல ஆயா, தலைய இப்படி மடக்கிக்கணும்"னு சொல்லிட்டு இன்னொரு தடவ விழுந்தா.